சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது

பட்டறை
ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

அண்ணன் காலை எடுத்தது டாக்டர் இல்லை. நீங்களும் நானும்தான் எடுத்தோம்.

இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று இரண்டு நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதியாகிவிட்டது. இனி கேட்கிறேன். சௌக்கியமா? அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? முதுகுக்குக் கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டதா?

அத்தை நலம். கண்ணாடியின் ஒரு காதை உடைத்துவிட்டு, அந்தப் பக்கம் நூல் கட்டி மாட்டிக்கொண்டு திரிகிறார். புதுசு வாங்கலாம் என்றால், "என் பையன் வந்து வாங்கித் தரட்டும்" என்கிறார். பட்டறைக் கூரை வெல்டிங் மெஷினுக்கு நேர் மேலே ஒழுகுகிறது. தார்ப்பாய் போட்டிருக்கிறேன். பம்பு, மருந்து தெளிக்கிற மெஷின், ஜெனரேட்டர் என்று சின்ன வேலைகள் வருகின்றன. பெரிய வேலையோடு வருகிறவர்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். நான் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அவர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்குக் கை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பீர்கள். நான் அண்ணன் பேச்சை எடுத்த உடனே உங்கள் ஊர் டவருக்கு உயிர் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை கிழவி பட்டறைக்கு வந்தது. பண்ணை முதலாளியின் அந்த நீல டிராக்டரைத்தான் சொல்கிறேன். வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பின் சக்கரத்தை நன்றாகக் கழுவியிருந்தார்கள். நான் கிட்டவே போகவில்லை. வேறு பட்டறைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் புது டிரைவர் இறங்கி வந்து தன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "அக்கா, சாவி போட்டா சில நேரம் 'டிக்'குன்னு சத்தம் வரும், சில நேரம் அதுவும் வராது. தட்டினா எடுத்துக்கும். இன்னிக்குத் தட்டித் தட்டி என் கைதான் வீங்கிப்போச்சு."

எங்கே நின்று தட்டுவீர்கள் என்று கேட்டேன். காட்டினார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், தரையில் நின்றுகொண்டு, ஒரு கை சாவியில், இன்னொரு கை, ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுகிற ரிலே இருக்கிற பலகையில். அண்ணன் நின்ற அதே இடம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "முதலாளிதான். முன்னாடி இருந்த டிரைவரும் இப்படித்தான் எடுப்பாராம்" என்றார். முன்னால் இருந்த டிரைவருக்கு என்ன ஆனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் என் கூடப்பிறந்த அண்ணன் என்றும் அவருக்குத் தெரியாது.

அவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். இந்தத் தடவை தலைமேல் யாரும் நிற்கவில்லை. ஆரம்பத்திலிருந்து பார்த்தேன்.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வெளிச்சம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அப்படியென்றால் பேட்டரியிடமிருந்து யாரும் எதையும் கேட்கவே இல்லை என்று அர்த்தம். பிப்ரவரியில் நாம் இதைச் செய்து பார்க்கவில்லை. முதலாளி "பேட்டரிதான்" என்றார், நீங்கள் பேட்டரியை மாற்றினீர்கள். அடுத்து சாவி. கரண்ட் உள்ளே வருகிறது, வெளியே போகிறது. அடுத்து கிளட்ச் மிதிக்குப் பக்கத்தில், மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக விடுகிற சுவிட்ச் இருந்த இடம். நீங்கள் முறுக்கிச் சேர்த்த இரண்டு ஒயரும் அப்படியே இருந்தன, டேப் மட்டும் உருகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. அதற்கு அடுத்தது ரிலே. டெஸ்ட் லாம்ப்பை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் ரிலே வரைக்கும் முழுசாக வந்து நிற்கிறது, ஆனால் ரிலே இழுக்க மாட்டேன் என்கிறது.

அப்போதுதான் பிப்ரவரியில் தோன்றாத ஒன்று தோன்றியது. வருவது சரி, திரும்பிப் போகிற வழி? அன்றைக்கு நான் லாம்ப்பின் ஒரு முனையை எந்நேரமும் பேட்டரியின் எர்த்திலேயே மாட்டி வைத்திருந்தேன். அப்படி வைத்தால் லாம்ப் எரியத்தான் செய்யும். செவ்வாய்க்கிழமை அந்த முனையைக் கழற்றி, ரிலேயிலிருந்து எர்த்துக்குப் போகிற ஒயரை பாடியோடு சேர்த்து முடுக்கியிருக்கிற போல்ட்டில், அந்த ஒயர் முனையிலேயே மாட்டினேன். லாம்ப் செத்துவிட்டது.

போல்ட்டைக் கழற்றினேன். ஒயர் முனைக்கு அடியில் நீலப் பெயின்ட். ஒரு கீறல் இல்லாமல், புதுசாக, பளபளவென்று. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த மரையும் துருப்பிடிக்க ஆரம்பித்தபிறகு, ஆட்டினால் தொடும், விட்டால் விட்டுவிடும். தட்டினால் கிழவி எழுந்துகொண்ட ரகசியம் இவ்வளவுதான்.

அந்தப் பெயின்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆண்டுச் சோதனைக்கு வண்டி புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்று ஜனவரியில் முதலாளி சொன்னார். நீங்கள் பலகையைக் கழற்றி அடித்தீர்கள். காய்ந்த பிறகு ஒயர்களையெல்லாம் திரும்ப மாட்டியது நான். அந்த போல்ட்டை முடுக்கியது நான். பெயின்ட் அவ்வளவு அழகாக வந்திருந்தது, கீறிவிடக் கூடாதே என்று ஒயர் முனைக்கு அடியில் ஒரு வாஷர் வேறு போட்டேன். சுரண்டிவிட்டு முடுக்க வேண்டிய இடத்தில் வாஷர் போட்டு அழகு பார்த்திருக்கிறேன். எட்டு வருடமாக எர்த் எர்த் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற நான்.

ஒரு பிளேடை எடுத்துச் சுரண்டினேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நியூட்ரலைப் பார்த்து, சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். அரைத் திருப்பில் எடுத்துக்கொண்டது. டிரைவர் டீக்கடையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, கைராசின்னா உங்க கைராசிதான்!" நான் இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே போய் முகம் கழுவினேன்.

இனி நீங்கள் செய்தது. அன்றைக்கு அண்ணன் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தான். நான் கீழே படுத்து லாம்ப்பை வைத்தேன். சுவிட்சுக்கு முன்னாலும் எரிந்தது, பின்னாலும் எரிந்தது. மிதியிலிருந்து காலை எடுக்கச் சொன்னேன், அணைந்தது. மிதிக்கச் சொன்னேன், எரிந்தது. "சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு, வேற எங்கயோ இருக்கு கோளாறு" என்று வெளியே வந்து உங்களிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். உங்கள் காதில் விழுந்தது. அப்போது முதலாளி உங்களைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பேசினீர்கள். ஒரு பீடி தீருகிற நேரம் இருக்கும். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கட்டரை எடுத்து, சுவிட்சை வெட்டிவிட்டு ஒயரைச் சேர்த்தீர்கள். சாவி போட்டதும் வண்டி எடுத்துக்கொண்டது. எட்டி வெட்டுவதற்காக முழங்காலைப் பலகையில் ஊன்றியிருந்தீர்கள், அந்த அழுத்தத்தில் எர்த் தொட்டிருக்கிறது. அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நீங்கள் "பாத்தியா?" என்றீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. எடுத்துக்கொண்டது உண்மைதான், ஆனால் லாம்ப் பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அண்ணன் மேலே உட்கார்ந்திருந்தான், முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் புருஷனை மட்டம் தட்டுவானேன் என்று லாம்ப்பைச் சுற்றி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வேலைப் புத்தகத்தை எடுத்து, நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "கிளட்ச் பாதுகாப்புச் சுவிட்ச் புதிதாகப் பொருத்தப்பட்டது. சோதித்துச் சரிபார்க்கப்பட்டது." வெட்டியெடுத்த சுவிட்ச் மேஜைமேல் ஆணி டப்பாவில் கிடக்க, அதைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். இரண்டு நாள் கழித்துச் சோதனை அதிகாரி வந்தார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடி பெயின்ட்டைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டிக்குப் பக்கத்தில் பத்தடி தூரம்கூட வரவில்லை.

அதற்கப்புறம் பழையபடி தகராறு. நீங்கள் அண்ணனுக்குத் தட்டி எடுக்கிற வித்தையைச் சொல்லிக் கொடுத்தீர்கள். "மச்சான், கிழவிக்குச் செல்லமா ஒரு தட்டு போதும், பேத்தி மாதிரி ஓடும்." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சுவிட்ச் அதன் இடத்தில் இருந்திருந்தால், கிளட்சில் கால் வைக்காமல் என்ன தட்டினாலும் இன்ஜின் எடுத்திருக்காது. தரையில் நின்றுகொண்டு அதை யாரும் ஸ்டார்ட் செய்திருக்கவே முடியாது. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று அண்ணன் முதலாளியிடம் மூன்று தடவை சொன்னான். "அறுவடை முடியட்டும்" என்றார். அதனால் சரிவில் நிறுத்தும்போதெல்லாம் கியரில் போட்டுவிட்டு இறங்குவான். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தவன், கியரில் விட்டதை மறந்து, கீழே நின்று தட்டினான்.

மீதியை நீங்கள் பார்த்தீர்கள். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தச் சட்டையை இன்னும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். கறை போகவில்லை.

பதினோரு நாள் கழித்து நீங்கள் ஊரை விட்டுப் போனீர்கள். முதலாளியின் தம்பியுடைய மெஷின் யார்டில் வேலை. இத்தனை கஷ்டத்தில் ஒரு நல்லது என்று நினைத்து உங்கள் சட்டைகளுக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். இவ்வளவு நாள் நான் அவ்வளவு மந்தமாக இருந்திருக்கிறேன்.

ஆணி டப்பாவில் கிடந்த பழைய சுவிட்சையே எடுத்து கிழவிக்குத் திரும்ப மாட்டிவிட்டேன். லாம்ப்பில் நன்றாக வேலை செய்கிறது. மறுநாள் முதலாளி போன் செய்தார். "ஸ்டார்ட் ஆகலைன்னுதானே அனுப்பினேன், சுவிட்ச் போடுன்னு யாரு சொன்னா?" என்றார். அது இல்லாமல் வண்டியை வெளியே விட மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். "புத்தகத்துலதான் ஏற்கெனவே புது சுவிட்ச் மாட்டினதா இருக்கேம்மா. ஒரே சுவிட்ச்சை எத்தனை தடவ மாட்டுவ?" என்றார்.

அந்தப் பக்கத்தின் நகல் அவரிடம் இருக்கிறது. அதை எதற்கு வைத்திருக்கிறார்? கேட்டுக்குப் பக்கத்தில் அவர் உங்களிடம் என்ன சொன்னார்? எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து,
உங்கள் மனைவி

*

பட்டறை
ஜூலை 4

அன்புள்ள உங்களுக்கு,

என் கடிதம் வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். அத்தைக்குப் போன் செய்து, "அவ என்ன பைத்தியம் மாதிரி எழுதுறா" என்று கேட்டீர்களாம். அத்தை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதை மறந்துவிட்டீர்கள்.

நகல் எதற்கு என்ற கேள்விக்கு நீங்கள் பதில் போடாவிட்டாலும், பதில் கிடைத்துவிட்டது. தொழிலாளர் விசாரணை அலுவலகத்துக்கு அண்ணியோடு போயிருந்தேன். படிக்கட்டெல்லாம் ஆள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் எக்ஸ்ரே. அண்ணனுடைய கோப்பைக் காட்டினார்கள். மேலே "ஓட்டுநரின் அஜாக்கிரதை" என்று எழுதி, கீழே காரணம் சொல்லியிருக்கிறது. பிப்ரவரியில் வண்டியில் புதிய பாதுகாப்புச் சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கிறது, விபத்தன்று சுவிட்ச் இல்லை, ஆகவே ஓட்டுநரே வசதிக்காக அதை எடுத்துவிட்டிருக்கிறார். இணைப்பு: வேலைப் புத்தகத்தின் நகல். என் கையெழுத்து அவ்வளவு குண்டு குண்டாக, தெளிவாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசு வாங்கியவள் நான்.

அது பொய், நான்தான் எழுதினேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அலுத்துப் போனவர். "ஏம்மா, அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" என்று கேட்டார். அடிபட்டவருக்கு நான் தங்கை என்பதால் நான் அப்படித்தான் சொல்வேன் என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்றார். சுவிட்சை வெட்டச் சொன்னது முதலாளி என்பதை நான் என் காதால் கேட்டேனா என்றார். கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேர்தான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றீர்கள். "அப்ப கையெழுத்துப் போட்டவரு வந்து சொல்லணும், இல்ல எழுதி அனுப்பணும்" என்றார். பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, விசாரணை.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதமே.

அவன் இப்போது முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில்தான் இருக்கிறான். அண்ணி தையல் கம்பெனிக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருகிறார். பகலெல்லாம் ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எந்த வண்டிக்கு எங்கே கோளாறு என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறான். இத்தனை நாளும் அவன் சொன்னது ஒன்றுதான். "கியர்ல விட்டது நான். வேற யாரைச் சொல்ல?" பதினாலு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன். அண்ணி முகத்தை நேராகப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான்.

பெயின்ட்டைப் பற்றிச் சொன்னேன். வாஷர் வரைக்கும் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். "எர்த்தா? ச்சே, அப்ப அந்தப் பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சா?" என்றான். "வேலைன்னா தப்பு வரும்மா. நான் மட்டும் என்ன" என்றான். எனக்குத் தைரியம் வந்தது. லாம்ப்பைப் பற்றியும் சொன்னேன். நீ மிதிச்சப்போ எரிஞ்சதே அண்ணா, சுவிட்ச் நல்லாயிருந்தது எனக்கு அப்பவே தெரியும் என்றேன்.

"அன்னிக்கே தெரியுமா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்புறமும் நான் தரையில நின்னு தட்டுறதப் பார்த்துக்கிட்டுதானே இருந்த?" என்றான். ஆமாம் என்றேன். வெளியே காய்கிற துணியை எடுத்துவிட்டுப் போ, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றான். எடுத்து மடித்து வைத்தேன். ஒன்பது நாள் ஆகிறது. நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

நீங்கள் அங்கே இருப்பதால் அவன் முதுகைப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அவன் வீடு நாலாவது வீடு.

அத்தைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "புருஷனைக் காட்டிக்கொடுக்க அலையிற பொண்டாட்டிய இப்பத்தான் பாக்குறேன்" என்று குழாயடியில் நின்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறார். யாரும் இல்லாதபோது மட்டும், "அந்தப் பையனுக்குக் காலு எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்கிறார்.

நீங்கள் எழுதினால் பட்டறை லைசென்ஸ் போகும். முதலாளியின் தம்பி உங்களை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார். ஒருவேளை உங்கள்மீது கேஸ்கூட வரலாம். இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். என்மீதும் வரும். சேர்ந்தே நிற்போம். எனக்கு பம்பு ரிப்பேர் தெரியும், உங்களுக்கு இன்ஜின் தெரியும். கூரை ஒழுகாத இடம் ஒன்று எங்காவது கிடைக்காமலா போகும்?

இதனோடு ஒரு வெள்ளைத் தாளும், விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். வெட்டியது நான், வெட்டச் சொன்னது இன்னார், புது சுவிட்ச் என்று எழுதியது பொய். அவ்வளவுதான். புதன்கிழமைத் தபாலுக்குள் வர வேண்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி

*

பட்டறை
ஜூலை 18

உங்களுக்கு,

புதன்கிழமைத் தபாலில் கரண்ட் பில் வந்தது.

நேற்று விசாரணை நடந்தது. எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அண்ணனை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஊன்றுகோலோடு ஏறி, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து, மேலே போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. முதலாளி எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்து, "வாப்பா, சாப்பிட்டியா?" என்று அன்பாகக் கேட்டார். உட்கார்ந்திருந்த அண்ணன், ஒற்றைக் காலை ஊன்றி, எழுந்து நிற்கப் பார்த்தான். பதினாலு வருடப் பழக்கம். அண்ணி தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். எனக்கு அந்த அறையிலேயே எதையாவது எடுத்து வீச வேண்டும்போல இருந்தது. எழுந்து நிற்க வைக்கிற அந்தப் பழக்கத்தை இவனுக்குள் வைத்தவர்கள், இவன் கவனமில்லாதவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட்டை முடுக்கியது நான், வாஷர் போட்டது நான், லாம்ப்பில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது நான், புத்தகத்தில் பொய் எழுதியது நான். சுவிட்சை வெட்டியது என் கணவர் என்றும் சொன்னேன். நான் உங்களை மறைக்கவில்லை. மறைக்க மாட்டேன் என்றும் உங்களுக்குத் தெரியும்.

முதலாளியின் வக்கீல் எழுந்தார். "இவங்க கணவர் நாலு மாசமா இவங்ககூட இல்லை, எழுதுற கடிதத்துக்குப் பதில்கூடப் போடுறதில்லை. குடும்பச் சண்டையை இங்கே கொண்டுவந்து தீர்த்துக்கப் பார்க்கிறாங்க" என்றார். நீங்கள் பதில் போடுவதில்லை என்பது எனக்கும் தபால்காரருக்கும் உங்களுக்கும்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. தபால்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு அதிகாரி அண்ணனைக் கேட்டார். சுவிட்சை எடுத்தது நீங்களா? "இல்லைங்க" என்றான். அன்றைக்கு நீங்கள் சீட்டில்தானே உட்கார்ந்திருந்தீர்கள், உங்கள் காலடியில்தானே வெட்டியிருக்கிறார்கள், யார் வெட்டினார்கள் என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றான்.

அவ்வளவுதான். அதிகாரி பேனாவை மூடினார். "உங்க அண்ணனுக்கே ஞாபகம் இல்லைங்கறாரேம்மா" என்று என்னிடம் சொன்னார். வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வரும்போது முதல் மாடியில் அவன் மூச்சு வாங்க உட்கார்ந்தான். ஏன் அண்ணா அப்படிச் சொன்னாய் என்று கத்தினேன், படிக்கட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சொன்னான்: "மாப்பிள்ளை வாயால வரட்டும். நான் சொல்லி அவரு பொழப்புப் போச்சுன்னா, நாளைக்கு நீதான் எங்கேயும் போக முடியாம நிப்ப. எனக்குப் போனது போதும்." பிறகு, "மாப்பிள்ளை எழுதுவாரு. என்னைத் தூக்கிட்டு ஓடுனப்ப அவரு அழுதது எனக்குத் தெரியும்" என்றான்.

உங்கள்மேல் அவனுக்கு இருக்கிற நம்பிக்கை எனக்கு இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன்.

நேற்று சாயங்காலம் அத்தையிடம் சொல்லி அனுப்பினீர்களாம். அங்கே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள், தனிக் குழாய் இருக்கிறது, பட்டறையைப் பூட்டிவிட்டு என்னை வந்துவிடச் சொன்னீர்களாம், நடந்தது நடந்துவிட்டது என்றீர்களாம். அந்த அறையைக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நான் வர மாட்டேன். உங்கள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது, அடுத்த பக்கம் பிடித்து இழுக்க உங்கள் கை இல்லையே என்று தினமும் ஒரு நிமிடம் நிற்கிறேன். ஆனால் அந்த அறையில் உங்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் என்ன பேசுவேன்?

இன்று காலையில் பட்டறை லைசென்ஸை நிறுத்தி வைத்து நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என் வாக்குமூலம் போதுமாம் அதற்கு. ஒரு மெக்கானிக் பொய் சொன்னாள் என்பதை உடனே நம்புகிறார்கள், ஒரு முதலாளி சொல்லச் சொன்னார் என்பதை நம்ப மட்டும் இரண்டாவது ஆள் வேண்டுமாம்.

அதிகாரி இன்னும் ஒரு தேதி கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் ஏழு. அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். அண்ணனுடைய பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை அப்படியே நிற்கும், அவன் சாகும்வரைக்கும், அவன் பிள்ளைகள் வேலை கேட்டுப் போகிற இடத்திலும்.

நீங்கள் நல்லா இருக்க வேண்டும். அதையும் மனதாரத்தான் சொல்கிறேன்.

முதலாளி அன்றைக்கு உங்களிடம் என்ன சொன்னார்? ஏழாம் தேதிக்குள் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.